மூலிகைப் பெயரும் மூலிகைப் பயிற்சியும்: 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கி.பி. 1675ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் கொச்சியில் இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். சேர்த்தலையை அடுத்த கரப்புறம் பகுதியில், வழிவழியாக வைத்தியம் பார்த்துவந்த ஈழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் ஆளுநர் ஹென்றிக் வான் ரீட் கேட்டுக்கொண்டதற்கிணங்கக் கொச்சிக்கு வந்ததாகவும், மரம் செடி கொடிகளின் பெயர்களையும் குணங்களையும் கம்பெனியின் துபாஷி இம்மானுவல் கர்னேரோவிடம் சொன்னதாகவும் அச்சான்றில் அவர் கூறுகிறார். சொன்னவற்றிற்கு அவர் காட்டும் ஆதாரங்கள் இரண்டு. ஒன்று அவர்களிடம் இருந்த ஏடு. மற்றொன்று அவருடைய நெடுநாளைய பழக்கம். கோலெழுத்தில் அமைந்த இச்சான்று, 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' முதல் தொகுதியில் இடம்பெற்றுள்ளது.

ஏடு, பழக்கம் என்னும் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூலிகையை அறிய இயலுமா என்பது பழைய வினா. இன்று அவ்வினா வேறு வடிவில் எழுந்துள்ளது. ஒரு செடியின் பெயரை இணையத்தில் தட்டினால் நொடிப்பொழுதில் அதன் பிற பெயர்கள், படங்கள், தீர்க்கும் நோய்கள், அளவு, அனுபானம் எல்லாம் வந்து விழுகின்றன. ஏட்டுக்குரிய பகுதி இதுவரை எக்காலத்திலும் இல்லாத அளவு பெருகிவிட்டது. ஆனால் தேடல் என்பது எழுத்துக்கோவை ஒன்றை மற்றோர் எழுத்துக்கோவையுடன் பொருத்திப் பார்ப்பது. செடியை அது அறியாது. பெயர் ஒரு செடியை எவ்வளவு தூரம் சுமந்து செல்லும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை இந்த நூலையும், அதில் இடம்பெற்ற கீழாநெல்லி என்னும் எளிய பூண்டையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வினாவைச் சரக சங்கிதை தன் முதல் அத்தியாயத்திலேயே எதிர்கொள்கிறது. ஆடு மேய்ப்போர், மாடு மேய்ப்போர், காட்டில் வாழ்வோர் ஆகியோர் மூலிகைகளைப் பெயராலும் உருவாலும் அறிவர் என்று கூறும் அந்நூல், பெயரையும் உருவையும் மட்டும் அறிந்தவன் மருந்தை முழுதும் அறிந்தவனாகான் என்கிறது. இடம், காலம், நோயாளியின் இயல்பு ஆகியவற்றிற்கேற்ப மருந்தைப் பயன்படுத்தும் முறையறிந்தவனையே உயர்ந்த வைத்தியனாக வைக்கிறது. பெயர், உருவம், பயன்படுத்தும் முறை என மூன்று படிகள் இங்குப் பெறப்படுகின்றன. முதற்படியில் நிற்பவர்களாக மேய்ப்பரை அந்நூல் கொண்டாலும், அவர்களும் இரண்டாம் படியை எட்டியவர்களே என்பது கவனிக்கத்தக்கது. உருவை அறியாது பெயரை மட்டும் அறிந்த ஒருவரை அந்நூல் கற்பனையும் செய்யவில்லை. அச்சும் அகராதியும் பெருகிய பிறகே அத்தகையவர் தோன்றினர்.

நூல் உருவான முறை

'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' பன்னிரண்டு தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை வெளிவந்தது. ஏறத்தாழ 740 தாவரங்களை அது விவரிக்கிறது. செப்புத்தகட்டுப் படங்கள் எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. இதன் பெருமை பலராலும் பேசப்பட்டதே. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் முதன்மையாவது அது தொகுக்கப்பட்ட முறை. செடிகளை அறிந்தவர்கள் பல இடங்களுக்கும் அனுப்பப்பட்டு இலை, பூ, காய், விதைகளுடன் அவற்றைக் கொண்டுவந்தனர். ஓவியர் சிலர் அவை வாடுமுன் வரைந்தனர். கொண்டுவந்த செடியைக் கண்முன் வைத்துக்கொண்டு வைத்தியர்களும் பண்டிதர்களும் அதன் பெயர், குணம் பற்றி உரையாடினர். கருத்து மாறுபட்டபோது வாதிட்டனர். மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் இதனை விவரிக்கும் வான் ரீட், தாம் பழைய செய்யுட்களை மேற்கோள் காட்டி அவர்கள் வாதிட்ட நயத்தை வியந்து எழுதுகிறார். செடியின் பெயரில் தொடங்கி அதன் வகை, வடிவம், வளருமிடம், பருவம், தீர்க்கும் நோய் என அச்செய்யுட்கள் அடுக்கிச் செல்லும் என்பது அவர் தரும் குறிப்பு. மனப்பாடச் செய்யுள் இங்கு வாதத்திற்குத் துணைநின்றது. வாதத்தை முடித்து வைத்தது எதிரே கிடந்த செடி.

ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூன்று கொங்கணி வைத்தியர்களும் இப்பணியில் பங்கு கொண்டனர். நாகரி எழுத்தில் அவர்கள் கொங்கணியில் எழுதிய சான்றும் முதல் தொகுதியில் உள்ளது. ஒரு நிகண்டின் துணையுடன் ஈராண்டுகள் இப்பணியில் ஈடுபட்டதாக அவர்கள் குறிப்பிடுகின்றனர். நிகண்டைக் கையில் வைத்திருந்தும் ஈராண்டுகள் தேவைப்பட்டன.

செய்தி கைமாறிய வழி நீண்டது. இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொன்னதைக் கர்னேரோ போர்த்துக்கீசியத்தில் தந்தார். அது பின்னர் டச்சு, இலத்தீன் ஆகிய மொழிகளின் வழியே சென்று நூல் வடிவம் பெற்றது. முதலிரு தொகுதிகளுக்குரிய இலத்தீன் நடையை அமைத்தவர் கொச்சியில் இருந்த யொஹான்னஸ் காசேரியஸ் என்னும் பாதிரியார். ஆம்ஸ்டர்டாமில் குறிப்புரை எழுதிப் பதிப்பித்த அறிஞர்களோ மலபாரைக் கண்டவர்களல்லர். படத்தையும் விளக்கத்தையும் வைத்துக்கொண்டு அவர்கள் பழைய ஐரோப்பிய நூல்களில் உள்ள செடிகளுடன் இவற்றைப் பொருத்த முயன்றனர். வாதம் நடந்த கூடத்திலிருந்து நூல் வெளியேறிய கணத்திலேயே பெயர் செடியிலிருந்து பிரியத் தொடங்கியது எனலாம்.

இதற்கொரு முன்னிகழ்வும் உண்டு. 1534இல் கோவாவிற்கு வந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா டா ஓர்ட்டா இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றி எழுதிய நூல் 1563இல் கோவாவிலேயே அச்சாயிற்று. அது உரையாடல் வடிவினது. ஐரோப்பாவிலிருந்து நூலறிவுடன் வந்திறங்கிய ருவானோ என்னும் கற்பனைப் பாத்திரம் கேட்க, ஓர்ட்டா தாம் கண்டதையும் கேட்டதையும் கொண்டு விடையளிக்கிறார். பழைய ஆசிரியர்கள் கூறியதை ருவானோ எடுத்துவைக்கும்போதெல்லாம், கடைத்தெருவிலும் தோட்டத்திலும் கண்ட சான்றை ஓர்ட்டா எதிர்வைக்கிறார். நான்கே ஆண்டுகளில், 1567இல், குளூசியஸ் இதனை இலத்தீனில் சுருக்கி வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் பரவியது அச்சுருக்கமே. அதில் உரையாடல் நீக்கப்பட்டது. முடிவுகள் மட்டும் எஞ்சின. யார் கண்டார், யார் கேட்டுச் சொன்னார், எதில் ஐயம் இருந்தது என்பவை மொழிபெயர்ப்பில் உதிர்ந்துபோயின. சுருக்கம் எளிதிற் பயன்படும் என்பது உண்மையே. ஆயினும் உதிர்ந்தவை அலங்காரங்கள் அல்ல என்பதைக் கீழாநெல்லியின் கதை காட்டும்.

கீழாநெல்லியும் நிரூரியும்

கீழாநெல்லி என்னும் தமிழ்ப்பெயர் ஒரு காட்சியைச் சொல்லாக்கியது. இலைகள் நெல்லியிலைபோல் வரிசையாக அமைய, காய்கள் அவற்றின் கீழே தொங்குகின்றன. 'கீழ்க்காய்நெல்லி' என்னும் வடிவமும் வழங்குகிறது. மலையாளத்திலும் இதனோடு உறவுடைய பெயரே உண்டு. 'ஹோர்த்துஸ்' பத்தாம் தொகுதியில் இது 'கிர்கனெலி' என இலத்தீன் எழுத்தில் பதிவாகியுள்ளது. ழகரம் ரகரமாக எழுதப்பட்டது, நெட்டுயிர் குறுகியது, இரட்டித்த லகரம் ஒற்றையாயிற்று. சகரத்திற்கு மூன்று இலத்தீன் எழுத்துகளைக் கூட்டி எழுதுவது போன்ற டச்சு வழக்குகள் இந்நூலில் மலிந்துள்ளமையால், ஒலிப்பு அறியாதவர் இப்பெயர்களைப் படித்து மூலச்சொல்லை மீட்பது கடினம்.

நிரூரி என்பது வேறொரு சொல். மலபாரில் அது இதே குடும்பத்துப் புதர்ச்செடிகளைக் குறிக்கும். தமிழில் பூலா எனப்படும் செடி இவ்வகையினது. 'ஹோர்த்துஸ்' ஐந்தாம் தொகுதியில் புதர்களின் பெயர்களில் இச்சொல் வருகிறது. பின்னர் ஐரோப்பியத் தாவரவியலார், மேற்கிந்தியத் தீவாகிய பார்படோசின் சிறு பூண்டு ஒன்றிற்கு இச்சொல்லை எடுத்தாண்டனர். 1753இல் லின்னேயஸ் தம் நூலில் பில்லாந்தஸ் நிரூரி என்னும் பெயரை அமைத்தபோது, அந்த மேற்கிந்தியப் பூண்டையும் வான் ரீடின் கிர்கனெலியையும் ஒரே செடியென்று கருதி ஒரு பெயரின் கீழ்க் கொண்டுவந்தார். இந்தியாவிற்கு அவர் வந்ததில்லை. படங்களும் பெயர்களுமே அவர் கண்டவை. கிரேக்கமோ இலத்தீனோ அல்லாத சொற்களைப் பேரினப் பெயராக்கலாகாது என 1737இலேயே விதி வகுத்தவர் அவர். சிற்றினப் பெயரில் மட்டும் இத்தகைய சொற்களுக்கு இடமளித்தார். அந்த இடுக்கின் வழியே ஒரு மலையாளச் சொல் உலகப் பெயராயிற்று; ஆனால் தவறான செடியின்மேல் அமர்ந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. 1789இல் ஜுஸ்ஸியூ கிர்கனெலியா என ஒரு பேரினம் வகுத்தார். பிற்காலத்தார் பூலாச்செடியை அதில் வைத்து கிர்கனெலியா ரெடிகுலாட்டா என்றனர். அஃதாவது, பூண்டின் பெயர் புதருக்குச் சென்றது; புதரின் பெயர் பூண்டுக்கு வந்தது. இரண்டு மலையாளச் சொற்கள் ஐரோப்பாவுக்குச் சென்று இடம் மாறித் திரும்பின. அங்கிருந்த எவரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. மேற்கோளுக்கு மேற்கோள், பெயருக்குப் பெயர் எனப் பொருத்திச் சென்றால் முறையாகச் செய்தாலும் இவ்வாறு நேரும்.

இந்திய நூல்கள் நெடுங்காலம் கீழாநெல்லியைப் பில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதிவந்தன. மேற்கிந்தியத் தீவுகளின் செடிகளை ஆராய்ந்த வெப்ஸ்டர் 1957இல் இச்சிக்கலைப் பிரித்துக் காட்டினார். நிரூரி என்பது அமெரிக்கச் செடி. இந்தியாவில் வளரும் கீழாநெல்லிக்கு, 1827இல் ஆப்பிரிக்காவின் கினிப் பகுதிச் செடியைக் கொண்டு வகுக்கப்பட்ட பில்லாந்தஸ் அமாரஸ் என்னும் பெயரே பொருந்துவது. இத்திருத்தம் வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பொடிப்பொட்டலங்களிலும் நூல்களிலும் நிரூரி நீங்கவில்லை. இணையத்தில் இரண்டும் ஒரே செடியின் இரு பெயர்களாகவே பல இடங்களில் தரப்படுகின்றன. அமெரிக்க நிரூரியைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு இந்தியக் கீழாநெல்லியின் தலையிலும், இதன் முடிவு அதன் தலையிலும் ஏற்றப்படுகின்றன.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. 1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் முதலானோர், நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்குடன் இணைந்து, ஹெபடைட்டிஸ் பி கிருமியைத் தாங்கியிருப்போர்க்குப் பில்லாந்தஸ் அமாரஸ் தந்த பயனைப் பற்றிய ஆய்வை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே பயன் காணப்படவில்லை. காரணம் தேடியவர்கள் முன்வைத்த வினாக்களுள், அங்கங்கே பயன்பட்ட செடி எது, எங்கு வளர்ந்தது, எப்பருவத்தில் பறிக்கப்பட்டது என்பவை இருந்தன. கீழாநெல்லி மருந்தாகுமா ஆகாதா என்பதை முடிவுசெய்வது மருத்துவர் பணி. அவ்வினாவைத் தொடுவதற்கே முதலில் செடி எதுவெனத் தெரிய வேண்டியுள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது.

கிராமத்து வைத்தியரிடம் பயின்றவர் இச்சிக்கலுள் புகுவதில்லை. மேலாநெல்லியையும் கீழாநெல்லியையும் அவர் காயின் நிலை, காம்பின் நிறம், இலையின் அளவு ஆகியவற்றால் வயலோரத்திலேயே பிரித்தறிவார். இலத்தீன் பெயர் அவருக்குத் தெரியாதிருக்கலாம். தெரிந்தவருக்கோ செடி தெரியாதிருக்கலாம். இருவரும் சந்திப்பது அரிதாகவே உள்ளது.

ஒரு பெயர், பல செடிகள்

ஆயுர்வேதத்தில் இத்தகையவற்றைச் 'சந்திக்த திரவியம்', அஃதாவது ஐயத்திற்குரிய மருந்துப்பொருள் என்பர். சமஸ்கிருதச் செய்யுளில் ஒரே பெயர். வழக்கில் வட்டாரத்துக்கு ஒரு செடி. சங்கபுஷ்பி என்றால் கேரள வைத்தியர் வேலியில் படரும் சங்குப்பூவைக் கொள்வர். வடநாட்டார் தரையில் படரும் வேறொரு சிறுசெடியைக் கொள்வர். விஷ்ணுகிரந்தியைக் கொள்வாரும் உளர். பிராமி என்பது கேரளத்தில் நீர்ப்பிரமி. வடக்கே பல இடங்களில் வல்லாரை. ராஸ்னா தெற்கே அரத்தை வகை. வடக்கே முற்றிலும் வேறான ஒரு புதர். வங்காளத்தில் மரக்கிளைகளில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடி. சங்கபுஷ்பி என்பது சங்குபோன்ற பூவுடையது என்னும் காரணப்பெயர். பூவைக் கண்டு பெயரிட்டவர் எந்தப் பூவைக் கண்டார் என்பதைச் சொல் பாதுகாத்து வைக்கவில்லை.

இந்நூல்களைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை இட்டுச் செல்கின்றனர். ராஸ்னா என்ற இடத்தில் அரத்தை என்று எழுதியவுடன், வடநாட்டு உரையாசிரியர் ஒருவர் வேறொரு செடியை வைத்து எழுதிய குணங்கள் அனைத்தும் அரத்தையின் குணங்களாகிவிடுகின்றன. மொழிபெயர்ப்பு பிழையற்றதாக இருந்தும் மருந்து மாறிவிடுகிறது. சமஸ்கிருதப் பெயரையே வைத்து, எவ்வட்டாரத்தில் எச்செடி கொள்ளப்படுகிறது என அடிக்குறிப்பில் தருவது நடையழகுக்குக் குறைவே. எனினும் அதுவே நேர்மை.

பெயர் மாற்றம் உயிருக்கு ஊறு செய்த நிகழ்ச்சி பெல்ஜியத்தில் பதிவாகியுள்ளது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவிப்பதற்கெனச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் இது 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூறைக் கடந்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. சேர்க்கக் கருதிய வேர் ஹான் ஃபாங்ஜி. சேர்ந்தது குவாங் ஃபாங்ஜி. முன்னது ஸ்டெபானியா, பின்னது அரிஸ்டோலோக்கியா, தாவரவியல்படி உறவற்றவை. சீன வழக்கில் இரண்டிற்கும் பொதுப்பெயர் ஃபாங்ஜி. வேறுபடுத்துவது முன்னே நிற்கும் அடைமொழி. ஃபாங்ஜி என்னும் பொதுப்பெயரில் இரு வேர்களும் கலந்தன. தமிழிலும் பேரரத்தை, சிற்றரத்தை, மஞ்சள் கரிசாலை எனச் செடிகளைப் பிரித்துக் காட்டுவன அடைகளே. அகராதியிலும் தேடலிலும் முதலில் உதிர்வதும் அவையே.

அரிஸ்டோலோக்கியா இனம் தமிழகத்திற்குப் புதிதன்று. ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அவ்வினத்தவை. இவ்வினத்துச் செடிகள் கலந்த மூலிகை மருந்துகளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2002இல் வகைப்படுத்தியது. பெயரைத் தட்டித் தேடுபவருக்கு முதலில் கிடைப்பவை நஞ்சு முறிக்கும், புழு கொல்லும் என்னும் புகழுரைகள். ஆடுதின்னாப்பாளை என்னும் பெயரோ ஆடும் வாய்வைக்காத செடி என்கிறது. கண்ட மேய்ப்பர் இட்ட பெயர் அது. சரகர் முதற்படியில் நிறுத்திய மேய்ப்பர் இங்கு வைத்தியருக்கே எச்சரிக்கை தருகிறார்.

பயிற்சி தருவது எது?

ஆசானிடம் மூலிகை பயில்வோர் ஒரு செடியை ஒருமுறை கண்டு விடுவதில்லை. மழைக்குப் பின் முளைத்த நாற்றாக, பூக்கும் காலத்தில், காய் முற்றி இலை உதிர்ந்த நிலையில் என ஓராண்டேனும் காண்கின்றனர், கசக்கி மோக்கின்றனர், ஆசான் விலக்கும் ஒப்புச்செடியையும் உடன்வைத்துக் காண்கின்றனர். இது அல்ல என்று சுட்டிக் காட்டுவது இப்பயிற்சியின் பெரும்பகுதி. நூலில் அதற்கு இடம் குறைவு. தேடலில் அநேகமாக இல்லை. பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் குணபாடம் தனிப்பாடமாக அமைந்திருப்பதும், மூலிகைத் தோட்டம் வைத்திருப்பதும் இக்காரணம் பற்றியே. குணபாட நூலை மட்டும் படித்துத் தேர்வெழுதலாம். கடையில் வரும் சருகுக் கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது அப்படிப்பு உதவாது.

மொழிக் களப்பணி செய்தவருக்கு இதில் புதுமையில்லை. தகவலாளி யார், ஊர் எது, எச்சூழலில் சொன்னார் என்னும் குறிப்பின்றிக் கிடைத்த சொல்லை எந்த மொழியியலாரும் ஏற்பதில்லை. தாவரவியலாரும் உலர்தாவரத் தாளில் பறித்த இடம், நாள், பறித்தவர், உள்ளூர்ப் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்கின்றனர். இருவேறு துறைகளின் இவ்வொழுக்கம் மூலிகை அகராதிகளில் மட்டும் பின்பற்றப்படவில்லை. டி.வி. சாம்பசிவம் பிள்ளை தனிமனிதராகத் தொகுத்த பெரும் மருத்துவ அகராதி இன்றும் இணையற்றது. ஆயினும் அதில் ஒரு செடிக்குத் தரப்படும் பல பெயர்களுள் எது எவ்வூர் வழக்கு, எது சித்தர் மறைமொழி எனப் பிரித்தறிவது பயின்றவர்க்கே இயலும். பயிலாதவர் கையில் அதுவும் ஒரு தேடல் பட்டியலே.

வான் ரீடின் பணிக்கு ஆதாரமாக இருந்த உலர்தாவரத் தொகுதி ஏதும் இன்று இல்லை; இட்டி அச்சுதனின் ஏடும் கிடைக்கவில்லை. எஞ்சியவை படமும் இலத்தீனும். 1818இல் டென்ஸ்டெட் ஜெர்மனியிலிருந்தவாறே இந்நூலின் செடிகளுக்கு அறிவியல் பெயர் காட்டும் திறவுகோல் ஒன்றை வெளியிட்டார். ஐயங்கள் பல தீரவில்லை. அவற்றைத் தீர்க்கக் கே.எஸ். மணிலால் (1938–2025) மேற்கொண்ட வழி வேறு. 'ஹோர்த்துஸ்' குறிப்பிடும் இடங்களுக்கே சென்று செடிகளை மீண்டும் பறித்து, படத்துடனும் விளக்கத்துடனும் ஒப்பிட்டு அறிந்தார். நிக்கல்சன், சுரேஷ் ஆகியோருடன் அவர் எழுதிய விளக்கநூல் 1988இல் வந்தது. பன்னிரண்டு தொகுதிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது. மலையாள மொழிபெயர்ப்பு 2008இல் வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொல்லுக்கு நேர்சொல் காண அகராதியை விட்டுச் சதுப்பிலும் காட்டிலும் அலைந்த நிகழ்ச்சி நம் மொழிபெயர்ப்பு வரலாற்றில் வேறு உண்டா என்பது ஐயமே.

அம்மலையாளப் பதிப்பில் செடிகளின் பெயர்களைத் தம் மொழிக்கு மீட்டுக் கொணர வேண்டியிருந்தது. அதற்கு இலத்தீன் வடிவங்கள் சிறிதே உதவின. பதினேழாம் நூற்றாண்டுச் செப்புத்தகடுகளின் மேற்புறத்தில் இலத்தீன், அரபு, நாகரி எழுத்துகளோடு மலையாள ஆர்யெழுத்திலும் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆம்ஸ்டர்டாமில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. செதுக்கியவர் எழுத்தை உருவமாகவே கண்டு செதுக்கினார். இலத்தீனில் இழந்த ழகரம் அங்கே எழுத்தாக இருக்கிறது.